தினமும் நான்கு நிமிடம் முன்னதாக

அமருங்கள் ஐயா, அமருங்கள். இறங்கிப் போய்ப் பார்ப்பதால் மரம் நகராது. விழுந்திருப்பது முற்றிய கற்பூர மரம். அறுத்து அகற்ற ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நடத்துநர் சொல்லிவிட்டார். அந்த இயந்திர வாளின் சத்தம் கேட்கிறதல்லவா? அது நிற்கும்போது பேருந்து புறப்படும். ஆடி பிறப்பதற்குள் இந்த மலைப்பாதையில் ஆண்டுக்குப் பத்து மரமாவது சாயும். மனிதன்தான் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வியக்கிறான்.

நீங்கள் மேட்டுப்பாளையம் வரையா? தங்கை வீட்டுக்கு? நல்லது. மடியில் இருக்கும் காரட்டைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், கால் மரத்துப்போகும். நானும் அங்கேதான் இறங்குகிறேன். நூலக வாசகர் வட்டத்தில் மாலை ஆறு மணிக்கு என்னுடைய சொற்பொழிவு. இதோ அழைப்பிதழ். "அண்டத்தில் நமக்கு அண்டை வீட்டார் உண்டா?" என்பது தலைப்பு. கீழே, "முனைவர் ஞானசிகாமணி" என்று போட்டுவிட்டார்கள். நான் முனைவர் அல்லன். திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினேன். பொய்யான பட்டம் பொய்யான சாட்சிக்குச் சமம்.

சிரிக்கிறீர்கள். தலைப்பைப் பார்த்துத்தானே? எல்லோரும் சிரிப்பார்கள். பறக்கும் தட்டு, பச்சை நிற மனிதன், இவைதான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அதைப் பற்றியல்ல. பிற உலகில் அறிவுள்ள உயிர் ஒன்று இருந்து, அது நம்மை அழைத்தால், நாம் சொல்ல வேண்டிய முதல் சொல் எது என்பதைப் பற்றி. ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். முதல் சொல் தவறிப்போனால் பிறகு ஆயிரம் சொல் பேசியும் பயனில்லை ஐயா. இதை மானிட குலம் முழுவதும் உணர வேண்டும்.

மணி என்ன? நான்கு மணி ஐந்து நிமிடம். இந்தக் கைப்பேசியை ஏன் அடிக்கடி பார்க்கிறேன் என்று நினைக்கிறீர்கள். நேரம் பார்க்கத்தான். வேறு எதற்கும் நான் இதைப் பயன்படுத்துவதில்லை. என் பெண்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை பேசுவார்கள், எடுப்பேன். மற்றபடி நடுவில் இது அலறினால் பொருட்படுத்தாதீர்கள். சென்ற மாதத்திலிருந்து ஒரு தொல்லை. எவனோ வியாபாரக்காரன். மூன்று முறை மணி அடிக்கும், நின்றுவிடும். பிறகு இரண்டு முறை அடிக்கும், நின்றுவிடும். அவ்வளவுதான், அன்றைக்கு முடிந்தது. ஒரு நாளும் தவறுவதில்லை. நல்ல காரியத்துக்கு இந்த ஒழுங்கைப் பயன்படுத்தினால் நாடு உருப்படும். நான் எடுப்பதில்லை. குறிப்பேட்டில் நேரத்தை எழுதி, எதிரே "புவி" என்று எழுதி மூடிவிடுவேன். தொழிலில் வந்த பழக்கம்.

புவி என்றால் என்ன என்கிறீர்களா? சொல்கிறேன். நேரம் இருக்கிறது.

மலைச்சரிவில் கம்பிக் கூண்டு போல ஒரு வானொலித் தொலைநோக்கி. அதில் முப்பத்தோர் ஆண்டுகள் உதவி நோக்குநராக இருந்தேன். கண்ணால் பார்ப்பதல்ல, காதால் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளை அது வாங்கும், எழுதுமுனை காகிதத்தில் கோடு இழுக்கும். பகலானாலும் மழையானாலும் கேட்கும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அது கேட்கும், பேசாது. அனுப்பும் வசதி அதில் கிடையாது. வாங்குவது மட்டுமே அதன் வேலை, எங்கள் வேலையும் அதுவே.

வானத்து ஒலி மெலிது. மண்ணின் இரைச்சல் பெரிது. லாரி கிளம்பினால் கோடு துள்ளும். பற்றவைப்பு இயந்திரம் பொறி கக்கினால் துள்ளும். ஆகவே எங்கள் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள். வலப்பக்கம் "வான்". இடப்பக்கம் "புவி". மண்ணிலிருந்து வந்ததைப் புவிக் கட்டத்தில் நேரத்தோடு எழுதி, காகிதத்தில் சிவப்புக் கோடிட்டு நீக்கிவிடுவோம். வான் கட்டத்தை நூறு முறை படிப்போம். புவிக் கட்டத்தை எழுதியபின் ஒருவரும் படித்ததில்லை. முப்பத்தோர் ஆண்டு, ஒருவரும்.

அப்படியானால் எது வான், எது புவி என்று எப்படி அறிவது? அதற்கு ஓர் உரைகல் உண்டு. விண்மீன்கள் நம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. இன்று மாலை ஏழு மணிக்கு உச்சியைக் கடக்கும் விண்மீன் நாளை ஆறு ஐம்பத்தாறுக்கே கடந்துவிடும். நாளும் நான்கு நிமிடம் முன்னதாக; நுணுக்கமாகச் சொன்னால் நான்கு விநாடி குறைவு, ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று நிமிடமே முந்தும். மனிதனோ கடிகாரத்தின் அடிமை. அவன் எழுப்பும் இரைச்சல் தினமும் அதே மணிக்கு வரும். ஆகவே ஓர் ஒலி நாளும் நான்கு நிமிடம் முந்தி முந்தி வந்தால், அது மனிதனுடையது அல்ல. இதைத்தான் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். இதை நான் முழுமனத்தோடு நம்பினேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன், ஜூன் முதல் நாள். சூரியனைப் போன்ற ஒரு சிறு விண்மீனை அன்றிலிருந்து கவனிக்கும்படி எனக்குப் பணி வந்தது. அது கடக்கும் நாற்பது நிமிடம் கேட்க வேண்டும். இருபத்தைந்தாம் நிமிடத்தில், மாலை ஆறு நாற்பதுக்கு, எழுதுமுனை மூன்று முறை துள்ளிற்று. சிறிது இடைவெளி. பிறகு இரண்டு முறை. மறுநாள் அதே இருபத்தைந்தாம் நிமிடம். கடிகாரத்தில் ஆறு முப்பத்தாறு. மூன்று, பிறகு இரண்டு. அதற்கு மறுநாள் ஆறு முப்பத்திரண்டு.

ஐயா, அந்தக் காகிதங்களைச் சுருட்டி என் பையில் பூட்டி வைத்தேன்.

இருபது நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எங்கள் தலைவர் டாக்டர் கோதண்டபாணியிடம் காகிதங்களை விரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஞானசிகாமணி, அந்த நிமிஷத்துல ஒரு நாள் கருவியை விண்மீனை விட்டுத் திருப்பிப் பாருங்க. அப்பவும் வந்தா அது வானம் இல்ல."

"ஒரு நாள் இழப்பாகும், ஐயா."

"ஒரு நாள்தானே போகும்?"

நான் திருப்பவில்லை. ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டேன். சோதிக்க அஞ்சினேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். அல்ல. மதிப்புக்குரிய விருந்தினர் பேசும்போது நாம் முகத்தைத் திருப்புவோமா?

இதற்கிடையே ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சபையாரிடம் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: "சகோதரரே, நாம் தனித்து விடப்பட்டவர்கள் அல்லர்." கிழவர்கள் அழுதார்கள். என் மனைவி சுகிர்தம் பெண்கள் பக்கத்தில் மூன்றாம் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "என்னங்க, அந்த நட்சத்திரத்துக்காரவுக எப்பப் பேசுவாக?" என்று கேட்டாள். "உனக்குச் சொன்னாலும் விளங்காது" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? விளங்காததை விளங்கும் என்று சொல்வது ஏமாற்று.

இங்கே ஓர் உவமை சொல்ல வேண்டும். சபையில் நான் சொன்னது. ஒரு கடற்கரையில் கலங்கரை விளக்கின் காவலன் ஒருவன் இருந்தான். தொலைதேசத்திலிருந்து ஒரு கப்பல் வரும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் ஒரு மீனவப் பெண் அவன் வாசலில் சுட்ட மீனும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவாள். அதைத் தின்று, மீண்டும் கடலைப் பார்ப்பான். கப்பல் வராமலே இறந்தான். ஊரார் அவனை மூடன் என்றார்கள். நான் சொல்கிறேன், அவன் மகான். காத்திருத்தலே அறம்.

என்ன? அந்த மீனவப் பெண் என்ன ஆனாளா? அது கதைக்குத் தேவையில்லை, ஐயா. அவள் மீன் வைப்பவள். அவ்வளவே.

ஜூலை பத்தாம் தேதி டாக்டர் கோதண்டபாணி தாமே வந்து கருவியைத் திருப்பிவிட்டார். நாங்கள் எழுதுமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விண்மீன் ஒரு பக்கம், எங்கள் கருவி வேறு பக்கம். இருபத்தைந்தாம் நிமிடம் வந்தது. மூன்று. இடைவெளி. இரண்டு.

அவர் போஜனை அழைத்தார்.

போஜன் எங்கள் தொழில்நுட்ப உதவியாளர், பக்கத்து ஹட்டிக்காரர், அதாவது படகர் சிற்றூர்க்காரர். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கையில் மீன்முள் போல ஓர் ஆண்டெனா, தோளில் ஒரு பெட்டி. நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவரைப் போல அது இழுத்த திசையில் நடப்பார். மறுநாள் பதினொன்றாம் தேதி, நான்கு மணி மூன்று நிமிடத்துக்கு அவர் வெளியே தயாராக நின்றார். டாக்டர் கோதண்டபாணி, வெளியூரிலிருந்து வந்திருந்த விஞ்ஞானிகள் இருவர், ஆராய்ச்சி மாணவர் நால்வர், நான். பெட்டி மூன்று முறை கிறீச்சிட்டது. போஜன் மழையில் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். உருளைக்கிழங்கு வயல் தாண்டினார். தண்ணீர்த் தொட்டி தாண்டினார். ஊழியர் குடியிருப்புப் பக்கம் திரும்பினார். இரண்டு முறை கிறீச்சிட்டது. மூன்றாம் வரிசை, நான்காம் வீடு. சமையலறைச் சன்னலுக்கு நேராக ஆண்டெனாவை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார்.

என் வீடு, ஐயா.

சன்னலுக்குள் சுகிர்தம் நின்றாள். கையில் கேஸ் லைட்டர். அழுத்தினால் பொறி பறக்குமே, அது. எட்டுப் பேருக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டுபிடித்து, "வந்துட்டீகளா? இன்னும் இருபது நிமிஷம் இருக்கே!" என்றாள். அடுப்பில் ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் உப்புமாவுக்கு வாணலி.

போஜன்தான் முதலில் சிரித்தார். "சார், உங்க நட்சத்திரத்து அம்மா டீ போடுறாங்க. எனக்கு சக்கரை கம்மியாச் சொல்லிடுங்க."

மாணவர்கள் குலுங்கினார்கள். வெளியூர் விஞ்ஞானிகள் நாகரிகமாகத் தரையைப் பார்த்தார்கள். அது சிரிப்பைவிடக் கொடிது. குடியிருப்பில் லைட்டர் வைத்திருக்கக் கூடாது, தீப்பெட்டிதான் பயன்படுத்த வேண்டும் என்று விதி இருந்தது. எல்லா ஊழியரும் கையெழுத்திட்டிருந்தோம். வீட்டில் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன். "மழைக்குத் தீப்பெட்டி நமுத்துப்போச்சு, மே மாசச் சந்தையில இத வாங்கினேன்" என்றாள் அவள். அதுவா பதில்?

டாக்டர் கோதண்டபாணி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, தினமும் ஏன் நாலு நிமிஷம் முன்னாடி அடுப்பு பத்த வைக்கிறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"அவுகதான் சொன்னாக சார். மே கடைசியில ஒரு நாள் சாப்பாடு ஆறிப்போச்சுன்னு ஏசினாக. நட்சத்திரம் தினம் நாலு நிமிஷம் முந்தி வரும், உன் அடுப்பு மட்டும் ஒரே மணிக்கு எரியுமான்னாக. அதான். அவுக வீட்டுக்கு வார நேரத்தப் பாத்து, ஒரு நிமிஷம் கூடக்கொறைய இருந்தா மாத்திக்கிடுவேன்." சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஜூன் தாளைப் புரட்டிக் காட்டினாள். ஒவ்வொரு தேதிக்குக் கீழும் பென்சிலால் நேரம் எழுதியிருந்தது. ஆறு நாற்பது, ஆறு முப்பத்தாறு, ஆறு முப்பத்திரண்டு.

"மூணு தடவை, அப்புறம் ரெண்டு தடவை அழுத்துறீங்களே?"

அவள் வெட்கப்பட்டாள். "கேஸைத் தொறக்குமுன்ன சும்மா மூணு தட்டு தட்டுவேன் சார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு. அப்புறம் அடுப்புக்கு ஒண்ணா ரெண்டு தட்டு. அவுகளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு நெனச்சுக்கிடுவேன்."

அவர் காலண்டரை நெடுநேரம் பார்த்தார். "ஞானசிகாமணி, நீங்க போட்ட நேரப் பட்டியல்ல ஜூன் பதினேழுக்குக் கணக்குப் பிசகு இருந்ததே, இதுல சரியா இருக்கு" என்றார்.

அப்போதுதான் நான் பேசினேன். லைட்டரை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். எட்டுப் பேர் முன்னிலையில், உரத்த குரலில், "உனக்கு அறிவு என்று ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டேன்.

கடுமையாகத் தோன்றுகிறதா? என் இடத்தில் இருந்து பாருங்கள். இருபது நாள் அல்ல, நாற்பத்தொரு நாள். நாற்பத்தொரு நாள் அண்டத்தின் மறுகரையிலிருந்து யாரோ என்னைப் பெயர் சொல்லி அழைப்பதாக எண்ணி வாழ்ந்தவன் நான். சபையார் முன் சாட்சி சொன்னவன். அத்தனையும் உப்புமாவாகிவிட்டது.

அவள் முந்தானையால் எட்டு டம்ளரைத் துடைத்து எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். போஜனுக்குச் சர்க்கரை குறைத்து. மறுநாளிலிருந்து தீப்பெட்டிதான். நான்கு மணிக்குத் தேநீர் போட்டுப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுவாள். விண்மீன் எப்போது கடந்தால் என்ன, பிளாஸ்க் நான்கு மணிக்கு. குறை சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் வானத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பதினாறு ஆண்டு. நான் ஓய்வு பெற்றேன், பெண்கள் இருவருக்கும் மணமாயிற்று. கிறிஸ்துமஸுக்கு நாசரேத்தில் தன் தமக்கை வீட்டுக்குப் போனாள். போனவள், "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்று எங்கள் மூத்த பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள்.

நான்கு ஆண்டாயிற்று. நான் அழைக்கவில்லை. விலகியவள் அவள், அழைக்க வேண்டியவளும் அவள்தானே? நியாயம் என்று ஒன்று உண்டல்லவா? சென்ற மே மாதக் கடைசியில் மூத்தவள் பேசினாள். "அப்பா, அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்திருக்கேன். நம்பர் அனுப்பட்டா?" என்றாள். "வேண்டியதில்லை. பேச விருப்பம் இருந்தால் அவளே பேசட்டும். நான் காத்திருக்கத் தெரிந்தவன்" என்றேன். "நீங்க காத்திருக்கறதும் சும்மா இருக்கறதும் ஒண்ணாத்தான்பா தெரியுது" என்று வைத்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பேச்சைப் பாருங்கள்.

அது போகட்டும். சொற்பொழிவுக்கு வருவோம். நான் சொல்ல வருவது என்னவென்றால், மானிடரே, செவி கொடுங்கள். ஏளனம் செய்யாதீர்கள். எங்கோ ஒரு மூலையில் ஓர் உயிர், நம் மொழி அறியாமல், தனக்குத் தெரிந்த ஒரே முறையில் நம்மை அழைத்துக்கொண்டிருக்கலாம். நாமோ அதை இரைச்சல் என்று...

பாருங்கள். சொன்னேன் அல்லவா? அடிக்கிறது.

மூன்று. நின்றுவிட்டது. விடுங்கள், எடுக்க வேண்டாம். இன்னும் இரண்டு இருக்கிறது. அதோ. இரண்டு. முடிந்தது. மணி நான்கு இருபத்தாறு. இதோ எழுதிவிட்டேன்: ஜூலை ஐந்து, நான்கு இருபத்தாறு, புவி.

நேற்று எத்தனை மணிக்கா? எதற்குக் கேட்கிறீர்கள்? இந்தக் கட்டத்தை நாங்கள் திருப்பிப் படிப்பதில்லை என்றேனே. சரி, கேட்டுவிட்டீர்கள். நேற்று நான்கு முப்பது. அதற்கு முந்தின நாள் நான்கு முப்பத்துநான்கு. அதற்கும் முன் நான்கு முப்பத்தெட்டு. வியாபாரக்காரன் என்பதால்...

நான்கு நாற்பத்திரண்டு.

பக்கத்தைத் திருப்புகிறேன், சற்றுப் பொறுங்கள்.  ஜூன் மூன்று, ஆறு முப்பத்திரண்டு. ஜூன் இரண்டு, ஆறு முப்பத்தாறு. ஜூன் முதல் நாள்.

ஆறு நாற்பது.

ஐயா, அந்தச் சன்னலைச் சற்றுத் திறவுங்கள். மழை பட்டால் பரவாயில்லை.

முப்பத்தைந்து நாள். என் கையாலேயே எழுதியிருக்கிறேன், முப்பத்தைந்து முறை, புவி, புவி, புவி என்று. அந்தக் காலண்டரை அவள் வைத்திருக்கிறாள் போலும். அல்லது அது இல்லாமலே தெரியுமோ? பிசகில்லை. ஒரு நிமிடம் பிசகில்லை. ஜூன் பதினேழு கூடச் சரியாக இருக்கிறது.

இந்த எண்ணைத் திரும்ப அழைப்பது எப்படி? சிரிக்காதீர்கள், எனக்கு உண்மையிலேயே தெரியாது. வருவதை எடுக்க மட்டும்தான் சின்னவள் சொல்லிக்கொடுத்தாள். பச்சைப் பொத்தானா? கொஞ்சம் இருங்கள், அழுத்திவிடாதீர்கள். எடுத்தால் என்ன சொல்வது? ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். இதோ பையில் இருக்கிறது. "அண்டை உலகத்தாரே, நாங்கள் நீதியை நாடுபவர்கள்" என்று தொடங்குகிறது. அதையா அவளிடம் சொல்வது? மன்னிப்பு என்ற சொல்லை நான் மேடையில் எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறேன். நெஞ்சிலிருந்து அது வாய் வரை வந்ததில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஒன்று செய்யலாம். நீங்களே அழுத்துங்கள், உங்கள் விரலுக்கு அது பழக்கம். மூன்று முறை மணி அடித்ததும் நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் விட்டு, மறுபடியும். இரண்டோடு நிறுத்திவிடுங்கள். நான் எண்ணுகிறேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்துங்கள்.

இப்போது மறுபடி. ஒன்று.

இரண்டு.

கொடுங்கள். இப்படிக் கொடுங்கள், நான் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், இறங்கிப் போய் அந்த மரம் அறுப்பவர்களிடம் சொல்லுங்கள். தாமதமானாலும் பரவாயில்லை, நூலகத்தார் பொறுத்துக்கொள்வார்கள். அந்த வாளைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்றும் கேட்க முடியவில்லை.